கிதாரில் பதித்த பத்து சென்ட்



சென்ற மாதம் என் பேரன் லீவுக்கு வந்திருந்தான். கல்லூரிப் படிப்போடு கிதாரும் கற்றுக்கொள்கிறான். சாப்பிடும்போதும் கையில் போன்தான். ஒரு நாள் மத்தியானம் போனில் ஒரு கிதார் படத்தைப் பெரிதாக்கிக் காட்டி, "தாத்தா, இது என்னன்னு சொல்லுங்க, பார்க்கலாம்" என்றான்.

கிதாரின் கழுத்தில், கறுப்பு மரத்தின் நடுவே, வெள்ளி நிறத்தில் ஒரு சின்ன வட்டம். முத்துச் சிப்பி என்றேன். இல்லை என்றான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால் ஒரு மனிதரின் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. அது ஒரு நாணயம். அமெரிக்காவின் பத்து சென்ட் காசு.

"ஜிம் குரோச்சின்னு ஒரு பாட்டுக்காரராம் தாத்தா. செத்துப் போயிட்டாராம். அவர் ஞாபகமா இந்தக் கிதார். எழுபத்துமூணுதான் கணக்காம்" என்றான்.

"தெரியும்" என்றேன். அவன் நம்பவில்லை. பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில் படித்து, அரசாங்க ஆபீசில் குமாஸ்தாவாக இருந்து, பென்ஷன் வாங்கும் தாத்தாவுக்கு அமெரிக்கப் பாட்டுக்காரரை எப்படித் தெரியும்? அவனுக்கு அன்று சொன்ன கதையைத்தான் உங்களுக்கும் சொல்லப் போகிறேன். கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் என் வீட்டுக் கதை.

1975ஆம் வருடம். என் பெரியண்ணன் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தார். எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா'. லீவில் வந்தபோது ஒரு காசெட் ரெக்கார்டரும் பத்துப் பன்னிரண்டு காசெட்டுகளும் கொண்டுவந்தார். பிரெஞ்சுப் பாட்டுகளோடு இங்கிலீஷ் பாட்டுக் காசெட் ஒன்றும் இருந்தது. அதில் இருந்தவர்தான் ஜிம் குரோச்சி. எனக்கு அப்போது இங்கிலீஷ் அரைகுறை. பள்ளியில் சரித்திரம், பூகோளம், கணக்கு எல்லாமே பிரெஞ்சில் படித்தவன் நான். வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஆபீஸ் நோட் எழுதுவதற்காக இங்கிலீஷ் கற்றுக்கொண்டேன். ஆனாலும் அந்தக் காசெட்டில் ஒரு பாட்டு மட்டும் முதல் தடவையே புரிந்தது. ஏன் புரிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த மனிதர் யார் என்று பார்ப்போம்.

ஜிம் குரோச்சி 1943 ஜனவரி 10ஆம் தேதி பிலடெல்பியா நகரின் தெற்குப் பகுதியில் பிறந்தவர். இத்தாலியிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வில்லனோவா பல்கலைக்கழகத்தில் படித்து 1965இல் பட்டம் வாங்கினார். மறுவருடம் இங்கிரிட் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். பையன் பாட்டு, கிதார் என்று அலைவது பெற்றோருக்குப் பிடிக்கவில்லை. நம் ஊர் அப்பாக்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை அங்குள்ள அப்பாக்களும். கல்யாணப் பரிசாக 500 டாலர் கொடுத்தார்கள், ஆனால் ஒரு நிபந்தனை: அந்தப் பணத்தில் சொந்தமாக ஓர் இசைத்தட்டு போட வேண்டும். ஒன்றும் விற்காது, தோற்றுப்போனால் புத்தி வரும், ஒழுங்காக ஒரு வேலைக்குப் போவான் என்பது கணக்கு. 500 தட்டுகள் போட்டார். கணக்கு தப்பிவிட்டது. ஐந்நூறும் விற்றுப்போயின.

விற்றதே தவிர, அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியவில்லை. லாரி ஓட்டினார். கட்டட வேலை செய்தார். ஒரு ரேடியோ நிலையத்துக்கு விளம்பரம் பிடித்துக் கொடுத்தார். கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தார். ராத்திரியில் மதுக்கடைகளிலும் சின்னச் சின்ன அரங்குகளிலும் பாடினார். பிற்காலத்தில் அவர் பாட்டுகளில் வருகிற லாரிக்காரர், சூதாடி, கார் கழுவும் ஆள், தெருச் சண்டியர் எல்லாரும் இந்த வருடங்களில் அவர் பக்கத்தில் நின்று பழகிய ஆட்கள்தான்.

1968இல் புருஷனும் மனைவியும் நியூயார்க் போனார்கள். அந்த செப்டம்பர் 17ஆம் தேதி பாட்டுக் கம்பெனிக்காரர்களோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இதைப் பற்றிப் பின்னால் பேச வேண்டும், தேதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடம் இருவர் பெயரிலும் ஒரு தட்டு வந்தது. அது போகவில்லை. வாடகை நின்றுபோயிற்று. கையில் இருந்த கிதார்களை விற்றார் ஜிம். ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற எல்லாவற்றையும் விற்று வாடகையை அடைத்துவிட்டு, பென்சில்வேனியா மாநிலத்தில் லின்டெல் என்ற கிராமத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டுக்குக் குடிபோனார்கள். அங்கே ஓர் இரவு பாடினால் 25 டாலர்.

ஒரு கலைஞன் தன் வாத்தியத்தை விற்பது என்பது சாதாரண விஷயம் இல்லை. மிருதங்கத்தை அடகு வைத்தவரையும், நாதஸ்வரத்தை விற்றவரையும் பற்றி நம் ஊரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் பிறகு அந்த வீட்டில் சத்தமே இருக்காது. ஜிம் குரோச்சி வீட்டில் ஒரு கிதார் மிஞ்சியது. அதுவும் போயிருந்தால் இந்தக் கதையே இல்லை.

1970இல் மோரி மியூலைசன் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். முறையாகப் பியானோ படித்துவிட்டுக் கிதாருக்கு வந்தவர். முதலில் மோரி பாட, ஜிம் பக்க வாத்தியம் வாசித்தார். பிறகு முறை மாறியது. ஜிம் பாடினார், மோரி மேல் ஸ்வரங்களை வாசித்தார். இரண்டு கிதார்களும் ஒன்றோடு ஒன்று பேசிக்கொள்வது போல இருக்கும். இன்றைக்கும் ஜிம் குரோச்சி பாட்டு என்று நாம் கேட்டு ரசிப்பதில் பாதி இந்த மோரியின் விரல்.

அந்தக் குளிர்காலத்தில் இங்கிரிட் கருவுற்றார். அப்பாவாகப் போகிறோம் என்ற நினைப்பில் ஜிம் எழுதியதுதான் 'டைம் இன் எ பாட்டில்'. காலத்தைச் சீசாவில் பிடித்து வைக்க முடியுமா என்ற ஏக்கம்தான் பாட்டு. 1971 செப்டம்பர் 28இல் மகன் பிறந்தான். 1972இல் ஜிம்மின் புதிய தொகுப்பு வெளிவந்தது. இந்தத் தடவை ஜனங்கள் கேட்டார்கள். 1973 ஜூலையில் 'பேட், பேட் லீராய் பிரவுன்' என்ற பாட்டு அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. முப்பது வயதில் பெயர் கிடைத்தது. ஊர் ஊராகக் கச்சேரி. வீட்டில் இருந்த நாட்கள் குறைவு.

1973 செப்டம்பர் 20ஆம் தேதி லூசியானா மாநிலத்தில் ஒரு கல்லூரிக் கச்சேரி. ஊரின் பெயரை எழுத்துப்படி பிரெஞ்சில் வாசித்தால் 'நாட்சிதோஷ்' என்று வரும். அண்ணன் கொண்டுவந்த ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைத் துணுக்கில் நான் அப்படித்தான் வாசித்தேன். ஊர்க்காரர்கள் 'நாக்கடிஷ்' என்கிறார்களாம். எங்கள் புதுச்சேரியைப் போல அதுவும் பிரெஞ்சுக்காரர்கள் போட்ட ஊர்தான். புதுச்சேரிக்கு அவர்கள் 1674இல் வந்தார்கள். அந்த ஊரை 1714இல் போட்டார்கள். லூசியானா முழுவதையும் 1803இல் நெப்போலியன் அமெரிக்காவுக்கு விற்றுவிட்டார். ஊர் கைமாறியது, பெயர் நின்றுவிட்டது. எங்கள் தெருப் பெயர்களைப் போல.

கச்சேரி முடிந்து ராத்திரியே அடுத்த ஊருக்குப் போக ஒரு வாடகை விமானம். கிளம்பியதும் ஓடுதளத்தைத் தாண்டி நின்ற ஒரு பீக்கான் மரத்தில் மோதியது. விமானிக்கு இருதய ரத்தக் குழாய்களில் கடுமையான நோய் இருந்தது பின்னால் தெரிந்தது. ஜிம், மோரி, விமானி உட்பட ஆறு பேரும் போய்விட்டார்கள். ஜிம்முக்கு வயது 30. மோரிக்கு 24. குழந்தைக்கு இரண்டு வயது நிறைய இன்னும் எட்டு நாள் இருந்தது.

சாவுக்குப் பிறகு இங்கிரிட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. ஜிம் எழுதிப் போட்ட கடிதம். இந்த அலைச்சலை விட்டுவிடப் போகிறேன், வீட்டோடு இருந்து சிறுகதைகளும் சினிமாக் கதைகளும் எழுதப் போகிறேன் என்கிற விஷயம் அதில் இருந்தது. அந்த டிசம்பரில், காலத்தைச் சீசாவில் அடைக்கும் பாட்டு பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. பாடியவர் அதைப் பார்க்க இல்லை.

இனி அந்த 1968ஆம் வருட ஒப்பந்தம். ஜிம் போன பிறகு இங்கிரிட் அந்த ஒப்பந்தத்தை எதிர்த்து வழக்குப் போட்டார். 1982இல் நியூயார்க் பெடரல் கோர்ட்டில் தீர்ப்பு வந்தது. கையெழுத்து வாங்கிய அன்று பேப்பர்களை அவர்களுக்கு விளக்கிச் சொன்ன வக்கீல், எதிர்ப்பக்கத்திலேயே பங்கு உள்ளவர். "உங்களுக்கென்று தனி வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள்" என்று அவர் சொல்லவில்லை. அது அவர் கடமை தவறியது என்று கோர்ட் சொல்லியது, வழக்குச் செலவை அவர் தலையில் போட்டது. ஆனால் ஒப்பந்தத்தை ரத்து செய்யவில்லை. முப்பத்தைந்து வருடம் கோப்பு கட்டியவன் என்கிற முறையில் ஒன்று சொல்கிறேன். வாசிக்காமல் போடும் கையெழுத்து ஆளை விட நீண்ட ஆயுள் உள்ளது. பென்ஷன் பேப்பர், வீட்டுப் பத்திரம், பிள்ளைகள் நீட்டும் பாரம், எதுவானாலும் நமக்கு வேண்டிய ஒருவர் வாசித்துச் சொன்ன பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும்.

இப்போது கிதாருக்கு வருவோம்.

அதைச் செய்தது மார்ட்டின் கம்பெனி. ஸ்தாபகர் கிறிஸ்டியன் பிரெடரிக் மார்ட்டின் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதிக்காரர். அங்கே கிதார் செய்யும் உரிமை யாருக்கு என்று பிடில் செய்கிறவர்களின் சங்கத்துக்கும் மரவேலைக்காரர்களின் சங்கத்துக்கும் ஓயாத சண்டை. மார்ட்டின் குடும்பம் மரவேலைக்காரர் கட்சி. சலித்துப்போய் 1833இல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். சில வருடத்தில் பென்சில்வேனியாவில் நாசரேத் என்ற ஊருக்குப் போய்விட்டார். இன்றும் அங்கேதான் கம்பெனி இருக்கிறது. ஜிம் பிறந்த பிலடெல்பியாவிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர். இங்கிருந்து செஞ்சி போய்க் கொஞ்சம் தாண்டும் தூரம்தான்.

1990களில் இந்தக் கம்பெனி பெயர் பெற்ற பாட்டுக்காரர்களின் பெயரில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் கிதார் செய்ய ஆரம்பித்தது. எண்ணிக்கையை ஏனோதானோ என்று வைப்பதில்லை. 1995இல் எரிக் கிளாப்டன் பெயரில் செய்தபோது 461 செய்தார்கள். ஏனென்றால் அவருடைய ஒரு பிரபலமான தொகுப்பின் பெயரிலேயே 461 என்ற வீட்டு எண் இருக்கிறது. அந்த வழக்கப்படி 1990களின் கடைசியில் ஜிம் குரோச்சிக்கு வைத்த எண் 73. அவர் புகழின் உச்சிக்கு வந்த வருடம், போன வருடம் இரண்டும் அதுதான்.

கிதாரின் பெயர் டி-21ஜேசி. 'டி' என்பது 'டிரெட்நாட்' என்ற பெரிய உடல் வடிவம். 1906இல் பிரிட்டிஷ்காரர்கள் கடலில் விட்ட போர்க்கப்பலின் பெயரை, 1916இல் முதல் முதலாகச் செய்த இந்தப் பெரிய கிதாருக்கு வைத்தார்கள். 21 என்பது வேலைப்பாட்டின் ரகம். அதிக அலங்காரம் இல்லாதது. ஜேசி அவர் பெயரின் முதலெழுத்துகள்.

காசு பதித்திருப்பது மூன்றாவது மெட்டில். வீணையில் மெட்டு என்போமே, அதுபோலக் கிதார் கழுத்திலும் குறுக்கே உலோகக் கம்பிகள் உண்டு. இரண்டு கம்பிகளுக்கு நடுவில் விரல் வைக்கும் இடத்தில் அடையாளத்துக்குச் சிப்பிப் பொட்டு வைப்பது வழக்கம். இந்தக் கிதாரில் மரத்தைக் குடைந்து, 1973ஆம் வருடம் அச்சான, யார் கையிலும் புழங்காத பத்து சென்ட் காசை இழைத்திருக்கிறார்கள். காசு துளி மேலே நின்றாலும் தந்தி அதில் பட்டு இரையும். மட்டமாக இழைக்க வேண்டும். தச்சு வேலை தெரிந்தவர்களுக்கு இது புரியும்.

ஏன் பத்து சென்ட்? அங்கேதான் நான் முதலில் சொன்ன பாட்டு வருகிறது. பெயர் 'ஆபரேட்டர்'. ஜிம் ராணுவப் பயிற்சியில் இருந்தபோது முகாமில் பொது டெலிபோன் முன்னால் சிப்பாய்கள் வரிசையில் நிற்பதைப் பார்த்திருக்கிறார். காதலி வேறொருவரைத் தேடிக்கொண்டதாகக் கடிதம் வந்தவர்கள் பலர். மழையில் நின்று காத்திருந்து போன் செய்வார்கள். அதுதான் பாட்டின் விதை. ஒருவன் பொது டெலிபோனிலிருந்து பழைய காதலிக்குப் பேச முயல்கிறான். அவள் அவன் சிநேகிதனோடே போய்விட்டாள். தீப்பெட்டி அட்டையில் குறித்த நம்பர் மங்கிவிட்டது. இணைப்புக் கொடுக்கும் பெண்ணிடம் உதவி கேட்கிறான். பேசிக்கொண்டே போகும்போது அவனுக்கே தெரிகிறது, இந்தப் போன் வேண்டாம் என்று. யாரென்றே தெரியாத அந்த ஆபரேட்டர் பெண்ணிடம் மனதைக் கொட்டிவிட்டு, நன்றி சொல்லி, போட்ட காசை அவளே வைத்துக்கொள்ளலாம் என்று முடிக்கிறான். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் உள்ளூர் பொது டெலிபோனுக்குப் போடும் காசு பத்து சென்ட். அந்தக் காசுதான் கிதாரில் இருக்கிறது.

இங்கே ஒரு பிரெஞ்சுப் பள்ளி மாணவனின் குறிப்பு. பத்து சென்ட் காசை அவர்கள் 'டைம்' என்கிறார்கள். இது பிரெஞ்சு வார்த்தை. பழைய பிரெஞ்சில் 'தீம்' என்றால் பத்தில் ஒரு பங்கு. விவசாயி விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு என்று கோயிலுக்குக் கட்டிய வரிக்கும் அதுதான் பெயர். 1789 ஆகஸ்டில் புரட்சி சபை அதை ஒழித்தது என்று தேதியோடு ஒப்பித்தால்தான் எங்கள் வாத்தியார் உட்கார விடுவார். 1792இல் அமெரிக்க நாணயச் சட்டம் வந்தபோது டாலரில் பத்தில் ஒரு பங்குக்கு இந்தப் பெயரையே வைத்தார்கள். பிரான்சில் ஒழிந்த வார்த்தை மூன்று வருடத்தில் அமெரிக்கக் காசில் ஏறிக்கொண்டது. 1965க்குப் பிறகு அச்சான டைமில் வெள்ளியும் கிடையாது. செம்பும் நிக்கலும்தான். காசாக அதற்குப் பெரிய மதிப்பில்லை.

இன்னொரு விஷயம். இந்தக் கிதாரின் முதுகும் பக்கங்களும் என்ன மரம் தெரியுமா? ஈட்டி மரம். நம் தோதகத்தி. மார்ட்டின் கம்பெனி முன்பு பிரேசில் நாட்டு மரத்தைத்தான் போட்டுவந்தது. அங்கே மரத்தைக் கட்டையாக ஏற்றுமதி செய்யத் தடை வந்ததும், 1969 வாக்கில் இந்திய ஈட்டிக்கு மாறினார்கள். அது நீலகிரி, வயநாடு, குடகு என்று மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளின் மரம். வளர மிகவும் மெதுவான மரம். பட்டா நிலத்தில் நின்றாலும் அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1994இல் தனிச் சட்டமே போட்டார்கள். எங்கள் ஆபீசில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஈட்டி மேசை ஒன்று இருந்தது. நாலு பேர் சேர்ந்தால்தான் நகர்த்த முடியும். தட்டினால் மணி மாதிரி சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகத்தான் அதைக் கிதாருக்குப் போடுகிறார்கள் என்று பேரன் சொல்லித்தான் தெரியும். நாங்கள் அதன் மேல் டீ டம்ளர் வைத்தோம்.

பேரன் ஒரு கேள்வி கேட்டான். "உயிரோட இருக்கும்போது வாடகைக்காகக் கிதாரை வித்தாரு. செத்த பிறகு அவர் பேர்ல யாருமே வாங்க முடியாத விலையில கிதாரா? இது மரியாதையா, வியாபாரமா தாத்தா?"

நல்ல கேள்வி. வியாபாரம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 25 டாலருக்குப் பாடிய ஆள் இன்று வந்தால் தன் பெயர் போட்ட கிதாரைத் தானே வாங்க முடியாது. மோரியின் பெயரும் அதில் இல்லை. நம் ஊரிலும் இதுதானே நடக்கிறது. இருக்கும்போது ஒரு மாத உதவித் தொகைக்கு மூன்று தடவை நடக்க விடுகிறோம். போன பிறகு மலர்வளையம், இரங்கல் கூட்டம், நினைவு மலர். கலைஞர்கள் உதவித் தொகை மனுக்களை நானே கையாண்டிருக்கிறேன். ஒருவருடைய மனுவில் ஆணை வாங்கி அனுப்பியபோது, விலாசதாரர் காலமாகிவிட்டார் என்று தபால் திரும்பி வந்தது. அந்தக் கோப்பு என் மேசையில் பதினோரு நாள் இருந்தது. எனக்கு மேலே எத்தனை மேசை என்று கணக்குச் சொல்லித் தப்பிக்கலாம். என் பதினோரு நாள் என்னுடையதுதான். ஆகவே கம்பெனிக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அந்தக் காசைப் பற்றி யோசித்துப் பார்த்தேன். தங்கத்தில் அவர் பெயரைப் பொறித்திருக்கலாம். முகத்தை வரைந்திருக்கலாம். அதையெல்லாம் விட்டு, ஒரு பாட்டில் ஒரு சாதாரணப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் போன காசை எடுத்து வைத்தார்களே, அதை யோசித்தவர் அந்தப் பாட்டை நன்றாகக் கேட்டவர். வியாபாரத்துக்கு நடுவிலும் அந்த ஒரு காசு மரியாதைதான். பேரனிடம் அப்படித்தான் சொன்னேன்.

அந்தப் பாட்டு எனக்கு முதல் தடவையே ஏன் புரிந்தது என்று சொல்லவில்லையே.

1974 ஆடி மாதம். ராத்திரி பத்து மணிக்கு அப்பா போய்விட்டார். பெரியண்ணன் தெற்குப் பிரான்சில் முகாமில். வீட்டில் டெலிபோன் கிடையாது. தெருமுனையில் ஒரு டாக்டர் வீட்டில்தான் இருந்தது. அங்கே போய் டிரங்க் கால் புக் செய்தேன். புதுச்சேரியிலிருந்து சென்னை, அங்கிருந்து பம்பாய், அங்கிருந்து பாரிஸ், அப்புறம் முகாம். எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண் குரல். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். "குறிப்பிட்ட ஆளுக்குன்னு பி.பி. காலா போடறேன் சார். ஆள் கிடைக்கலைன்னா பேசின காசு வராது" என்றார். எனக்கு அது தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

மணிக்கு ஒரு தடவை அவரே கூப்பிட்டார். "சென்னை கிடைச்சிருக்கு சார்." "பம்பாய் லைன் பிஸி, விடாம பார்க்கறேன்." டாக்டர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் பாரிஸ் கிடைத்தது. "அவங்க பிரெஞ்சுல பேசறாங்க, நீங்களே பேசிடுங்க" என்றார். பேசினேன். முகாமில் ராத்திரிக் காவலில் இருந்தவர் எடுத்தார். அண்ணனின் பட்டாளம் பயிற்சிக்கு வெளியே போயிருக்கிறது, வர நாலு நாள் ஆகும் என்றார். விஷயத்தைச் சொல்லிவைக்கச் சொன்னேன். பத்து வருடம் படித்த பிரெஞ்சை, அப்பா செத்துவிட்டார் என்று சொல்லத்தான் முதல் தடவையாக ஒரு பிரெஞ்சுக்காரனிடம் பேசினேன்.

மூன்று நிமிடம் தாண்டியிருக்கும். அவர் குறுக்கே வரவில்லை. லைன் போன பிறகு, "ஆள் கிடைக்கலைதானே சார், கேன்சல்னு எழுதிடறேன். நீங்க வீட்டுக்குப் போங்க, அம்மாவைப் பாருங்க" என்றார். நான் சரி என்று ரிசீவரை வைத்துவிட்டேன்.

காரியம் முடிந்த நாலாம் நாள் அண்ணனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. அப்பா போவதற்கு முன்பே எழுதிப் போட்டது. பொங்கலுக்கு வருகிறேன், அப்பாவுக்கு ஒரு ரேடியோ வாங்கி வைத்திருக்கிறேன் என்று இருந்தது. அம்மாவுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். இங்கிரிட் பெற்ற கடிதத்தைப் பற்றிப் பிற்பாடு வாசித்தபோது, அந்த நீல நிறத் தபால் உறைதான் என் கண்ணில் நின்றது.

அண்ணன் சொன்னபடியே பொங்கலுக்கு வந்தார். ரேடியோவும் வந்தது, காசெட்டும் வந்தது. ஒருவன் முகம் தெரியாத ஆபரேட்டரிடம் பேசுகிறான் என்று புரிந்ததும் ரெக்கார்டரை நிறுத்தச் சொல்லிவிட்டேன். அண்ணன் ஏன் என்று கேட்கவில்லை.

அந்தப் பாட்டில் வருகிறவன் நன்றி சொல்லிக் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறான். நான் இரண்டும் செய்யவில்லை. மறுவாரம் எக்ஸ்சேஞ்சுக்குப் போய் விசாரிக்கலாம் என்று நினைத்தேன். ஆபீஸ், குடும்பம் என்று போய்விட்டது. அந்த எக்ஸ்சேஞ்சும் பின்னால் மாறி, நாமே நம்பர் சுழற்றிப் பேசும் வசதி வந்து, ஆபரேட்டர் என்ற வேலையே போய்விட்டது. அவர் பெயர் எனக்குத் தெரியாது. அன்றைக்கு அவருக்கு முப்பது வயது இருந்திருந்தால் இன்றைக்கு எண்பதைத் தாண்டியிருப்பார்.

நம் வாசகர்களில் டெலிபோன் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் சிலர் இருப்பது எனக்குத் தெரியும். 1974இல் புதுச்சேரி எக்ஸ்சேஞ்சில் ராத்திரி ஷிப்ட் பார்த்த அம்மாள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், இந்தப் பதிவை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் அந்த ராத்திரியை மறந்திருக்கலாம். ஆடி மாதத்தில் பாரிசுக்கு லைன் கேட்ட பையன் நன்றி சொல்லச் சொன்னான் என்று மட்டும் சொல்லுங்கள்.

அடுத்த பதிவில் சந்திப்போம்.